மூன்றாம் கட்டு வெண்டிலேட்டரை இப்போது அடைக்க வேண்டாம்

எங்கள் வளவுப் பங்காளிகள் எல்லோருக்கும், பூட்டிய வீட்டைத் திறக்கப்போகிற மற்ற ஊர்ப் பங்காளிகளுக்கும்,

வணக்கம்.

நான் இந்த வீட்டுப் பெண். பங்காளி இல்லை. கட்டிக்கொடுத்தது இதே ஊர் என்றாலும் என் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, என் வீட்டுக்காரர் கோயிலில் இருக்கிறது. அதனால் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான் கிடையாது. அங்கே நடந்த பேச்சைத் தம்பி மகன்தான் கைப்பேசியில் காட்டினான். வைகாசியில் பெரியண்ணனுக்கு வயது நிறைவுச் சாந்தி கல்யாணம். 19 வருடம் கழித்து வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை முழுக்கத் திறக்கப் போகிறீர்கள். அதைப் படித்ததும் எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. அப்புறம்தான் அதற்குக் கீழே இருந்ததைப் படித்தேன். மூன்றாம் கட்டில் ஆந்தை அடைந்திருக்கிறது, வீட்டுக்கு ஆகாது, வருகிற வியாழக்கிழமை ஆள் வந்து வெண்டிலேட்டருக்குக் கம்பிவலை அடித்துவிடுவார், மறுநாள் கணபதி ஹோமம்.

வலை அடிக்க வேண்டாம். பங்குனி முடிகிறவரை பொறுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம், பள்ளத்தூர் பக்கம், தேவகோட்டைப் பக்கம் எங்கே போனாலும் பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறக்கிறார்கள். கல்யாணத்துக்கு, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு, சிலது ஹோட்டலாக. திறக்கிற இடத்திலெல்லாம் இதே பேச்சைக் கேட்கிறேன். அதனால் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அங்கே இருப்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா தை கடைசியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு வைத்த பிறகு பின்கட்டில் யாரோ மூச்சு விடுகிறார்களாம். நீளமாக, இழுத்து இழுத்து. பாம்பு என்றால் இவ்வளவு நேரம் சீறாது, மனுசர் என்றால் கூப்பிட்டால் நிற்கும், இது இரண்டும் இல்லை என்றார். முனி என்று முடிவுகட்டி, ஆறு மணிக்கு மேல் இரண்டாம் கட்டைத் தாண்டுவதை விட்டுவிட்டார். போன வாரம் ஒரு காலையில் நானும் அவரும் டார்ச் விளக்கு எடுத்துக்கொண்டு போனோம். நெல் கொட்டுகிற அறைக்கு மேலே, பழைய அண்டாக்களும் கொப்பரைகளும் அடுக்கியிருக்கிற பரண்மேல், நான்கு குஞ்சுகள். நான்கும் நாலு அளவு. பெரியது பூனைக்குட்டி அளவுக்கு இருந்தது. கடைசிக் குஞ்சுக்கு இன்னும் வெள்ளைப் பஞ்சு மயிர்தான். வெளிச்சம் பட்டதும் நான்கும் ஒன்றாக நெருங்கி, தலையைத் தாழ்த்தி, இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு சீறின. அந்த மூச்சுதான். முகம் வெற்றிலையை நிமிர்த்தி வைத்ததுபோல, நெற்றி நடுவில் பள்ளம் விழுந்து, வெள்ளை வெளேர் என்று இருந்தது. நடுவே இரண்டு கறுப்புக் கண்கள்.

இதுதான் கூகை. வெள்ளை ஆந்தை என்றும் சொல்கிறோம். மற்ற ஆந்தைபோல இது அலறாது. கீச்சென்று துணி கிழிகிற மாதிரி ஒரு குரல், அவ்வளவுதான். குஞ்சு இரை கேட்கும்போது இராத்திரி முழுக்கச் சீறும். பூட்டிய வீட்டுக்குள் பேய் மூச்சு விடுகிறது என்று நம் பக்கத்தில் கேட்ட கதைகளில் பாதிக்காவது, ஏதோ ஒரு பரணில் பசித்துக் கிடந்த இந்தக் குஞ்சுகள்தான் காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் பயந்து வளர்ந்தவள். ஐயா, எங்கள் தாத்தா, இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பட்டாலைக் கூடத்தில் பாய்போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். கடைசி எட்டு, பத்து நாள் யாரும் தூங்கவில்லை. அந்த நாட்களில் முகப்பு வேப்பமரத்தில் ஓர் ஆந்தை வந்து உட்கார்ந்து கத்திக்கொண்டே இருந்தது. அப்பத்தா எண்ணுவார். ஒருமுறை அலறினால் சாவு, இரண்டுமுறை என்றால் நினைத்த காரியம் கைகூடும், மூன்று என்றால் வீட்டுக்குப் பெண் வருவாள், நான்கு என்றால் சண்டை. இப்படி ஒவ்வொன்றுக்கும் பலன் உண்டு. எண்ணி முடிந்ததும் அடுப்பு நெருப்பில் உப்பும் மிளகாயும் போடுவார். ஐயா போன மறுநாள், அப்பச்சி, எங்கள் அப்பா, ஆளை விட்டு அந்த மரத்துப் பொந்தைக் களிமண் வைத்து அடைக்கச் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த இரவுகளை நான் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். மற்ற நாளில் ஒன்பது மணிக்கு அணைகிற விளக்கு அந்தப் பத்து நாளும் விடியவிடிய எரிந்தது. விளக்குக்குப் பூச்சி வந்தது. பூச்சிக்கு ஆந்தை வந்தது. அது சின்னப் புள்ளி ஆந்தை, பூச்சி தின்பது. மற்ற நாளிலும் அது கத்தியிருக்கும். நாங்கள் தூங்கியிருப்போம். சாகக் கிடக்கிறவர் வீட்டில்தான் இராத்திரி விளக்கும் எரியும், ஆளும் விழித்திருக்கும். ஆந்தை சாவைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்ற பேச்சு இப்படித்தான் வளர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வீடு பாழாகும் என்பதும் அப்படித்தான். ஆந்தை அடைந்த வீடு விளங்காது என்கிறோம். யோசித்துப் பாருங்கள். வளவு நிறைய ஆளும், மூன்றாம் கட்டில் நாலு அடுப்பும், கிணற்றடியில் ஓயாத பேச்சுமாக இருந்த நாளில் இந்தப் பரணுக்குக் கூகை வந்ததா? அப்பச்சி காலத்துக்குப் பிறகு ஒவ்வொருவராகச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனோம். பங்கு தீராமல் கதவைப் பூட்டினோம். ஓடு சரிந்தது. வெண்டிலேட்டர் கண்ணாடி உடைந்தது. இவ்வளவும் நடந்த பிறகு, அமைதியான இடம், உயரமான பரண், மழைபடாத மூலை என்று பார்த்து அது வந்தது. வீடு வெறிச்சோடியதால் கூகை வந்தது. முன்னே நடந்ததையும் பின்னே நடந்ததையும் மாற்றிச் சொல்லி, நாம் விட்டுப்போன குறையை அந்தப் பறவை தலையில் சுமத்துகிறோம். இதைச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நம் முன்னோருக்கும் பயம் இருந்தது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே ஆந்தை சொன்னது பலிக்காமல் போகட்டும் என்று வேண்டுகிற பாட்டு உண்டு. பாரதத்தில், போர் முடிந்த இரவில், ஆலமரத்தில் தூங்குகிற காக்கைகளை ஓர் ஆந்தை கொன்று தீர்ப்பதைப் பார்த்துத்தான் அசுவத்தாமனுக்குப் பாசறையில் தூங்குகிறவர்களைக் கொல்கிற எண்ணமே வருகிறது. காக்கைக்கும் ஆந்தைக்கும் தீராத பகை என்ற கதை பஞ்சதந்திரத்தில் ஒரு பகுதி முழுக்க நீள்கிறது. வள்ளுவர் அதே பகையை எடுத்து, "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று காலம் அறிவதற்கு உவமை சொன்னார். கூகையைக் கெட்டது என்று அவர் சொல்லவில்லை. அதற்கு உரிய நேரம் இரவு, காக்கைக்கு உரிய நேரம் பகல். அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு இவை எல்லாவற்றையும்விட நெருக்கமாக இருப்பது நற்றிணையில் வருகிற ஒரு பாட்டு. 83ஆவது. பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த 30 வருடமும் அதைப் படிக்கும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும். ஊர் வாயிலில், தண்ணீர் எடுக்கிற துறைப்பக்கம், சாமி இருக்கிற பழைய மரம். அதில் ஊரோடு பழகி வாழ்கிற ஒரு கூகை. இராத்திரி தலைவன் வருகிற நேரம் பார்த்துத் தோழி அந்தக் கூகையிடம் பேசுகிறாள். ஆட்டுக்கறி போட்டு நெய் விட்ட வெண்சோறு தருகிறோம், சுட்ட வெள்ளெலி தருகிறோம், நிறையத் தந்து உன்னைப் பேணுகிறோம். எங்கள் காதலர் வரவுக்காகத் தூங்காமல் தவிக்கிற இந்த நேரத்தில் மட்டும், கேட்டால் நடுங்குகிற உன் குரலை எழுப்பாதே. இதுதான் பாட்டு.

அவளுக்கும் அந்தக் குரல் பயம் தருகிறது. அதை மறைக்கவில்லை. ஆனாலும் கல் எடுக்கவில்லை, பொந்தை அடைக்கவில்லை. விருந்து வைக்கிறேன், கொஞ்சம் பொறு என்று கெஞ்சுகிறாள். அதற்கு எலி பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். சாமி மரத்தில் அதுவும் ஒரு குடி என்பது அவளுக்கு இயல்பாக இருக்கிறது. நம் தமிழில் கூகைக்கும் மனுசருக்கும் இருந்த உறவு இது. சுடுகாட்டு மரப்பொந்தில் கத்துகிற கூகையைப் பாடிய ஒரு புலவருக்குக் கூகைக்கோழியார் என்றே பெயர் நின்றுவிட்டது. புறநானூற்றில் இருக்கிறார். பேரைச் சொல்லக் கூசுகிற பறவை என்றால் அந்தப் பெயரை ஒரு புலவருக்கு வைத்திருப்பார்களா?

சரி, பழைய பாட்டு இருக்கட்டும். நாம் கொண்டுவிற்க, வியாபாரத்துக்கு, போன ஊர்களைப் பார்ப்போம். அங்கேயெல்லாம் ஆந்தை உண்டு. ஒவ்வொரு ஊரிலும் அதற்கு ஒரு கதை.

இலங்கைக்குப் போனவர்கள் உலமா என்கிற இராப்பறவையின் கதையைக் கேட்டிருப்பார்கள். மனைவிமேல் சந்தேகப்பட்ட ஒருவன், பிள்ளையையே கொன்று கறி சமைத்து அவளுக்குப் பரிமாறுகிறான். சட்டியில் பிள்ளையின் விரலைப் பார்த்தவள் பித்துப் பிடித்துக் காட்டுக்குள் ஓடிப் பறவையாகிவிட்டாள். இராத்திரிக் காட்டில் கேட்கிற அந்த ஓலம் அவளுடையது என்பது சிங்களவர் நம்பிக்கை. புள்ளிவயிறு கொண்ட பெரிய கொம்பன் ஆந்தையின் குரல்தான் அது என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். மலையாளத்தில் இன்னொரு ஆந்தைக்குக் காலன்கோழி என்று பெயர். நாமோ எந்தப் பறவை என்று பார்க்காமலே சாக்குருவி என்று சொல்லிவிடுகிறோம். பொட்டலில் டக் டக் என்று கல்லைத் தட்டுவதுபோலக் கத்துகிற பக்கி, கண்மாய்க் கரையில் ஆளைக் கண்டு கத்துகிற ஆள்காட்டி, எல்லாம் இருட்டில் சாக்குருவிதான்.

மலாயாவில் ஆந்தைக்குப் பெயரே பூருங் ஹந்து. பேய்ப் பறவை என்று பொருள். அந்த நாட்டில்தான், நம் ஆட்கள் வட்டிக்கடையும் ரப்பர்த் தோட்டமும் வைத்திருந்த அதே நாட்டில், இன்றைக்கு எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு அதன்மேல் பெட்டி வைத்துக் கூகையைக் குடிவைக்கிறார்கள். எலி பனம்பழத்தைத் தின்கிறது, கூகை எலியைத் தின்கிறது. பெயர் இன்னும் பேய்ப் பறவைதான். ஆனால் அதற்கு வீடு கட்டிக்கொடுக்கிறார்கள்.

பர்மா கதை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பட்டாலைக் கண்ணாடி பீரோவில் மேல்தட்டில், பீங்கான் சாமானுக்குப் பின்னால் பாருங்கள். காகிதக்கூழில் செய்து தங்க நிறம் பூசிய இரண்டு பொம்மைகள், உருண்டைக் கண், குண்டு உடம்பு. சின்ன வயதில் நாம் கிளி என்று சொல்லி விளையாடுவோம். கிளி இல்லை, ஆந்தை. பர்மாக்காரர்கள் கடையிலும் வீட்டிலும் ஆண், பெண் ஜோடியாக வைப்பது. அது இருக்கிற இடத்தில் வியாபாரம் பெருகும், கெட்டது அண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. ஐயா யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனில் வாங்கியது என்று அப்பத்தா சொல்வார். தூணுக்கும் உத்தரத்துக்கும் தேக்கு வந்த அதே நாட்டிலிருந்து, அதே வியாபாரப் பணத்தில் வந்தது. கணக்குப் பிள்ளையிடம் கைமாறாமல், தன் டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாராம். பாகப்பிரிவினைப் பட்டியலிலும் அந்த ஜோடி இருக்கிறது. அதை வீட்டுக்கு ஆகாது என்று யாரும் எடுத்துப் போடவில்லை. இப்போது உயிருள்ள ஜோடி ஒன்று நாலு பிள்ளையோடு வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. உங்கள் நிலைக்கதவுக்கு மேலே யார் இருக்கிறாள்? இரண்டு யானை நீர் சொரிய நடுவே தாமரையில் கஜலட்சுமி. வங்காளத்தில் அவளுக்கு வாகனம் ஆந்தை. எந்த ஆந்தை தெரியுமா? இதே வெள்ளைக் கூகை. வங்காள மொழியில் இதற்குப் பெயரே லட்சுமி ஆந்தை. நெற்களஞ்சியத்தில் எலியை அண்டவிடாத பறவை, தானியத்துக்குத் தெய்வமான லட்சுமியோடு சேர்ந்தது அவர்களுக்கு இயல்பாகப் பட்டிருக்கிறது. அவள் வாகனம் என்பதாலேயே அதற்கு ஆபத்தும் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வட இந்தியாவில் தீபாவளியை ஒட்டி, செல்வம் சேரும் என்ற மந்திரவாதிகளின் பேச்சை நம்பி, ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள், பலியிடுகிறார்கள். பயத்தில் கொல்வதும் ஆசையில் கொல்வதும் ஆந்தைக்கு ஒன்றுதான். தயவுசெய்து யாரும் நாளைக்கு இதையே ஆசையாக மாற்றிப் பிடித்துக் கூண்டில் வைத்துவிட வேண்டாம். இருந்த இடத்தில் விட்டாலே போதும்.

சாஸ்திரம் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சபட்சியில் இருக்கிற ஐந்து பட்சி எவை? வல்லூறு, ஆந்தை, காகம், கோழி, மயில். வளர்பிறையில் திருவாதிரை முதல் பூரம் வரை ஆறு நட்சத்திரத்தில் பிறந்தவர்களுக்கு ஆந்தைதான் பட்சி. பெரியண்ணன் பிறந்தது வளர்பிறைப் பூசம். ஜாதகத்தைப் பார்க்காமலே சொல்வேன், தொட்டிலை ஆட்டிய அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சாந்தி கல்யாணத்துக்காகவா அவர் பட்சியைக் குஞ்சோடு அடைத்துவைக்கப் போகிறோம்?

எலி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வீட்டுக்கு நேராக உபயோகப்படுவது அதுதான். பரணுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்மேல், கறுப்பாக, கட்டைவிரல் பருமனுக்கு உருண்டைகள் கிடந்தன. எச்சம் என்று பெருக்கப் போனார் அந்த அம்மா. எச்சம் இல்லை. கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருட்டி வாய்வழியாகத் துப்பிவிடும். பேரன் ஒன்றை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குண்டூசியால் பிரித்தான். ஒரே உருண்டையில் மூன்று எலி மண்டையோடு. மஞ்சள் ஏறிய முன்பல்லோடு, நகத்தளவு, அத்தனை சுத்தமாக. தரையில் கிடந்த உருண்டைகளை எண்ணினோம், அறுபதுக்கு மேல் இருந்தது. இரண்டு வருடமாக நம் தெருவில் எலித்தொல்லை குறைந்ததற்கு, நான் வாங்கிய பொறியைக் காரணமாக நினைத்திருந்தேன்.

அது வேட்டையாடுகிற விதமும் கேட்க வேண்டியது. அந்த வெற்றிலை முகம் ஒரு முறம் மாதிரி. சத்தத்தை வாரிக் காதுக்கு அனுப்பும். காது இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே. அதனால் சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று இரண்டையும் கணக்குப் பார்த்துவிடும். கண்ணே தெரியாத கும்மிருட்டில், காய்ந்த இலைமேல் எலி நகர்கிற சத்தத்தை மட்டும் வைத்துக் கூகை அதைப் பிடிக்கும் என்பதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். இறக்கை ஓரத்தில் சீப்புப் பல்போல மெல்லிய விளிம்பு உண்டு, பறந்தால் காற்றுச் சத்தம் வராது. ஒரு நாள் சாயங்காலம் கிணற்றடியில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே நாலடி உயரத்தில் வெள்ளையாக ஒன்று போனது. ஒரு சத்தம் இல்லை. முற்றத்து வெளிச்சத்தில் அதன் வயிறு வெளுத்துத் தெரிந்தது, காலில் ஓர் எலி தொங்கியது. இதைத் தற்செயலாகப் பார்த்தவர்கள் ஆவி என்று சொன்னால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது.

டெல்டாப் பக்கம் விவசாயிகள் வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைக்கிறார்கள், ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று. அந்த இடத்தில் எலி மருந்து வைக்கக் கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். உங்கள் வேலைப் பட்டியலில் எலி மருந்தும் இருந்தது. அதையும் எடுத்துவிடுங்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுத எனக்கு விருப்பம் இல்லை, ஆனால் வலை என்றால் என்ன நடக்கும் என்று தெரியவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் வேறோர் ஊரில், உறவினர் வீட்டுக் கல்யாண வேலைக்காக நான் பத்து நாள் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டையும் திறந்து சுத்தம் செய்தார்கள். ஆந்தை வெளியே போகிற நேரம் பார்த்து அடைத்தால் திரும்ப வராது என்று யாரோ யோசனை சொல்லி, இருட்டிய பிறகு வலை அடித்தார்கள். உள்ளே குஞ்சு இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு இராத்திரி தாய் திரும்பி வந்தது. வலைமேல் மோதி, கம்பியைப் பிடித்துத் தொங்கி, கீச்சென்று கத்தியது. உள்ளே குஞ்சுகள் சீறின. மூன்று இரவு இப்படியே. அலகில் எலியோடு அது வலைக்கு வெளியே உட்கார்ந்திருந்ததை மொட்டைமாடியிலிருந்து நானே பார்த்தேன். நான்காம் இரவு உள்ளே சத்தம் குறைந்துவிட்டது. ஆறாம் நாள் சத்தமே இல்லை. தாய் மட்டும் இன்னும் இரண்டு இரவு வந்தது. வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்னபோது அழுதார்கள். நான் முதல் இரவே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சுபகாரிய வீடு, அபசகுனமாகப் பேசக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இந்த மடலை எழுதவைத்தது அதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆந்தைகளுக்குப் பாதுகாப்பு உண்டு, கூட்டையும் முட்டையையும் கலைப்பதுகூட வேட்டைக் கணக்கில் வரும். அதைச் சொல்லிப் பயமுறுத்த எனக்கு மனம் இல்லை. நம் பக்கத்து மனுசர்களுக்குச் சட்டம் சொல்ல வேண்டியதும் இல்லை. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயக் கண்மாயில் வந்து அடைகிற பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள். வருடா வருடம். அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் விட்டுக்கொடுப்பது ஒரு பண்டிகை. நான் உங்களிடம் கேட்பது ஆறு வாரம்.

கணக்கு இதுதான். குஞ்சு பொரித்து இரண்டு மாதத்தில் பறக்கும். பெரியதுக்கு இப்போது நாலு வாரத்துக்குக் கிட்ட இருக்கும், கடைசிக் குஞ்சு அதைவிட ஒரு வாரம் சின்னது. பங்குனி கடைசிக்குள் நான்கும் வெளியே போய்விடும். சாந்தி கல்யாணம் வைகாசி பத்தாம் தேதிக்கு மேல். அதனால் வேலையை முகப்பில் ஆரம்பியுங்கள். ஆல்வீட்டுச் சுண்ணாம்பு, தரைக்கல் துடைப்பது, பட்டாலைத் தூணுக்கு எண்ணெய், மெத்தை, அதாவது மாடி, ஓடு மாற்றுவது எல்லாம் ஒரு மாத வேலை. மூன்றாம் கட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் இரண்டு வாரம் போதும் அதற்கு. பரண் சாமான் தேவை என்றால் பகலில், சத்தம் இல்லாமல், அந்த மூலையை விட்டுவிட்டு நான் எடுத்துத் தருகிறேன். சமையல்காரருக்கு வேண்டிய பெரிய அண்டா இரண்டும் என் வீட்டில் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

குஞ்சு பறந்த பிறகு வெண்டிலேட்டரை அடைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வீடு, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் பின்கட்டுச் சுவருக்கு வெளியே, வேலிக்காட்டைப் பார்த்த பக்கம், உயரத்தில் ஒரு மரப்பெட்டி மாட்ட இடம் கொடுங்கள். உடைந்த தேக்குப் பலகை கிணற்றடியில் கிடக்கிறது. தச்சரிடம் பேசிவிட்டேன், கூலியை நான் கொடுக்கிறேன். அந்த ஜோடி அதில் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. வந்தால் கல்யாண வீட்டுக்குள் வராமல் வெளியே இருந்துகொள்ளும். ஹோமத்தையும் நிறுத்த வேண்டாம். கணபதியின் வாகனம் மூஞ்சூறு, லட்சுமி வாகனம் கூகை, இரண்டும் ஒரே வீட்டில் இருந்தது என்று ஐயரிடம் சொல்லி, இரண்டுக்கும் சேர்த்தே பண்ணச் சொல்லுங்கள்.

மற்ற ஊர்ப் பங்காளிகளுக்கு: பூட்டிய அறையைத் திறப்பதற்கு முன்னால் இருட்டிய பிறகு ஒரு முறை கதவில் காதை வைத்துக் கேளுங்கள். சீறல் கேட்டால், குஞ்சு பறக்கிறவரை, இரண்டு மாதம் பொறுத்து வேலை தொடங்குங்கள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் பின்கட்டுக் கதவடியில் இருப்பேன். வேலைக்கு வருகிறவருக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து தருகிறேன். அவரை முகப்புக்குப் போகச் சொல்லி, பெரியண்ணனோ தம்பியோ, யாராவது ஒருவர் அதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போட்டுச் சொன்னால் போதும்.

இரண்டாம் கட்டு வடக்கு அறையில் பிறந்த
உங்கள் தங்கை, அக்கா, அயித்தை